இலேசான குண்டு

பாரிஸ், ரூ பிலிப்-து-ஜிரார்
9 நவம்பர் 1986

தவரத்தினம் தம்பிக்கு,

வரதராசாவின் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போன இடத்தில் உங்கள் விலாசத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவர் சுலபத்தில் தரவில்லை. "ஆருக்கும் குடுக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போனவர், அக்கா" என்றார். "நான் யாரோவா? பதினாலு மாசம் என் வீட்ல குடியிருந்த மனுஷன்யா அவரு" என்றேன். கடைசியில் காகிதப் பையின் மூலையில் எழுதிக் கொடுத்தார். ரூவான் நகரமாம். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறீர்களாம்.

நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. எனக்கும் கோபம் உண்டு. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம் என்னைத் தூங்க விடவில்லை. அதைக் கேட்க இந்தப் பாரிஸில் எனக்கு வேறு ஆள் இல்லை.

போலீஸ் எடுத்துப்போன வார்ப்பு அச்சு போன மாதம் திரும்பி வந்தது. துப்பாக்கி சுடும் கிளப் நண்பர் பெர்னார் தன் பட்டறையில் செய்து கொடுத்த புது அச்சுதான். என் பழைய குண்டு நாற்பத்தெட்டு கிராம். சுடும் ஒவ்வொரு தடவையும் தோளில் மாடு முட்டியது மாதிரி இருக்கும். டாக்டர், "மதாம், தோள் வேண்டுமா, துப்பாக்கி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். அதற்காகத்தான் முப்பத்திரண்டு கிராமில் இந்த இலேசான குண்டு. நீளம் குறைவு, அடிப்பக்கம் கிண்ணம் போலக் குடைந்திருக்கும். ஆகஸ்டில் முதல் தடவை வார்த்தபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள்.

இப்போது முப்பது குண்டு வார்த்துக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். வெடிமருந்தையும் அளவோடு குறைத்துத்தான் போட்டேன். காகித இலக்கில் வட்டமாக விழவேண்டிய ஓட்டை நீளமாக விழுகிறது. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போய் விழுந்த மாதிரி! பெர்னார் அச்சைச் சந்தேகப்படுகிறார். மற்றவர்கள் என் வயதைச் சந்தேகப்படுகிறார்கள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், நூற்றிருபது வருஷத்துத் துப்பாக்கி, எதையாவது ஒன்றை வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே. இந்தக் குண்டு சரிவரவில்லையென்றால் நான் அதை விட்டுவிடத்தான் வேண்டும்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். ஓட்டை ஏன் நீளமாகிறது?

மதலேன்


ரூவான்
20 நவம்பர் 1986

மதிப்புக்குரிய மதலேன் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதும் மனநிலையில் நான் இல்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என நினைத்திருந்தேன். தெரியவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. பாரிஸில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த மாதம். லா சப்பேல் மெத்ரோ வாசலில் என்னை மறித்துப் பையைக் காட்டச் சொன்னார்கள். சட்டைப் பையில் நீங்கள் வார்த்த இரண்டு ஈயத் துண்டுகள் இருந்தன. நகைக்கடைத் தராசில் நுட்பமாக நிறுத்துத் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கியவை. அவற்றைச் சுற்றியிருந்தது உங்கள் கைப்பட எழுதிய துண்டுக் காகிதம்: "ஞாயிறு குண்டு வார்க்கணும். ஈயம் மறக்காதீங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். எங்களுக்குக் குண்டு என்றால் வெடிகுண்டு, அக்கா. துவக்கில், அதாவது துப்பாக்கியில், போடுவதை ரவை என்போம். அவர் கண்டதை உள்ளபடி மொழிபெயர்த்தார்: ஞாயிற்றுக்கிழமை வெடிகுண்டு செய்யவேண்டும். அவரில் பிழை இல்லை.

முப்பது மணித்தியாலம் வைத்திருந்தார்கள். உங்கள் பெயரையும் விலாசத்தையும் சொன்னவன் நான்தான். வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. உங்களுக்கு உங்கள் உத்தியோகம், உங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை. விளங்குகிறது. அடுத்த மாதமே என் அகதி விண்ணப்பத்தையும் நிராகரித்துவிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

இனிமேல் ரவை பற்றி எனக்கு எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
க. தவரத்தினம்

பி.கு.: ஓட்டை எந்தத் தூரத்தில் நீளமாகிறது? இருபத்தைந்து மீற்றரிலும் அப்படித்தானா?


பாரிஸ்
30 நவம்பர் 1986

தம்பி,

நான் வரவில்லை என்று யார் சொன்னது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "உங்களிடம் குண்டு இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்கள், துப்பாக்கிக் குண்டுக்கான சொல்லைப் போட்டு. "மூன்று டப்பா இருக்கிறது, எது வேண்டும்?" என்றேன். கிளப் அட்டையைக் காட்டினேன், ஈயம் உருக்கும் சட்டியைக் காட்டினேன், குண்டில் பூசத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து வைத்த கிண்ணத்தைக் காட்டினேன். அதை மட்டும் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு அவர்களோடு கொமிசாரியா போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பப் போனேன். "காத்திருங்கள்" என்றார்கள். மர பெஞ்சில் ராத்திரி ஏழு வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் உங்களை வேறொரு கட்டடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்தே விட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் மேசைமேல் சாவி. நீங்கள் போர்வையை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் உங்களுக்காகப் பெஞ்சில் இருந்தேன், தம்பி.

அந்தத் துண்டுக் காகிதம் உங்களிடம் இருந்தது எனக்குத் தெரியாது. அதில் என் தப்பு உண்டு. எங்கள் புதுச்சேரியில் குண்டு என்றால் எல்லாம்தான். சோடாப் பாட்டிலுக்குள் இருக்கிற கோலியும் குண்டுதான். ஒரு வார்த்தை இப்படி ஆளைத் தின்னும் என்று நினைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே கேட்டிருப்பதால் எழுதுகிறேன். இருபத்தைந்து மீட்டரில் ஓட்டை கொஞ்சம் கோணல். ஐம்பதில் முழுசாகப் படுத்துவிடுகிறது. நூறில் இலக்கையே காணோம். இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைத் தோண்டி நான் சுட்ட குண்டு இரண்டை எடுத்தேன். பயப்படாதீர்கள், அனுப்பவில்லை. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்திருக்கிறேன். இத்துடன் இருக்கிறது.

மதலேன்


ரூவான்
12 டிசம்பர் 1986

அன்புள்ள மதலேன் அக்காவுக்கு,

பெஞ்ச் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

பென்சில் அச்சைப் பார்த்தேன். அதில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதுதான் முக்கியம். உங்கள் துவக்கின் குழாயினுள்ளே சுருளாகத் தவாளிப்பு, அதாவது வெட்டிய பள்ளம், ஓடுகிறது. ரவை அதைப் பற்றிப் பிடித்தால்தான் சுழலும், சுழன்றால்தான் மூக்கு முன்னே போகும். பிடித்திருந்தால் ரவையின் விளிம்பில் சரிவாகக் கோடு விழவேண்டும். உங்கள் அச்சில் கோடே இல்லை. ரவை குழாயினுள்ளே வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அடிப்பக்கம் கிண்ணமாகக் குடைந்ததே, மருந்து எரியும் அமுக்கத்தில் அந்த விளிம்பு விரிந்து தவாளிப்பைப் பிடிக்கத்தான். விரியவில்லையென்றால் ஈயம் கடினம். சுத்தமான ஈயம் மெதுமையானது. நகத்தால் கீறினால் தடம் விழும். நிலத்தில் போட்டால் சத்தம் மந்தமாகக் கேட்கும், கணீரென்று கேட்காது. சோதித்துப் பாருங்கள்.

உங்கள் பழைய கனமான ரவை நேராகப் போனது, அது பழைய தண்ணீர்க் குழாய் ஈயம். புது அச்சுக்கு வந்தபோது ஈயத்தையும் மாற்றினீர்கள். ஒரே தரத்தில் இரண்டை மாற்றினால் குற்றவாளி எதுவென்று சொல்ல முடியாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். ஆனால் உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் புது ஈயம் நான் தந்தது. மார்க்ஸ் டோர்மோயில் டயர்க் கடையில் வேலை செய்தபோது, காரின் சில்லு ஆடாமல் சுழலப் பொருத்தும் ஈயக் கட்டிகளைச் சேர்த்து ஒரு பை கொண்டுவந்தேனே, அதுதான். கடினமாக்குவதற்காக அதில் வேறு உலோகம் கலந்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு பரிசு தந்ததாக நினைத்தேன். கடைசியில் உங்கள் குறியைக் கெடுத்தவன் நான்.

இங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூரை வேலைக்காரர்கள் வருவார்கள். பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய ஈயத் தகடு அவர்களிடம் உண்டு. கேட்டுப் பார்க்கிறேன்.

தவரத்தினம்


பாரிஸ்
4 ஜனவரி 1987

தம்பி,

புது வருஷ வாழ்த்து. நகம் வழுக்கிக்கொண்டு போனது! தரையில் போட்டேன், கோயில் மணி மாதிரி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி என்ன விழுந்தது என்று கேட்டாள். "விஞ்ஞானம் விழுந்தது" என்றேன்.

பெர்னாரிடம் சொன்னபோது மனிதர் அச்சை முத்தமிட்டார். அவர் பெயர் காப்பாற்றப்பட்டது.

இப்போது என்னுடைய இரண்டாவது சந்தேகம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் குடிவந்த முதல் வாரம், சமையலறையில் ஒரு குண்டை உங்கள் கையில் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் கைக்குட்டையை எடுத்து அதில் வாங்கினீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தீர்கள். தராசு இருக்கிறதா என்று கேட்டு மூன்று தடவை நிறுத்தீர்கள். மூன்று தடவையும் கண்ணாடியைத் துடைத்தீர்கள். வேதியியல் வாத்தியார்கள் எல்லாரும் இப்படியா என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது பென்சில் அச்சைப் பார்த்தவுடன் கோடு இல்லை என்கிறீர்கள். சுடப்பட்ட குண்டில் கோடு விழும் என்பது வாத்தியாருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. உங்கள் விண்ணப்பத்தில் என்னதான் எழுதியிருந்தீர்கள்? பதினாலு மாதத்தில் ஒரு நாள்கூட ஊரில் நடந்ததை நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

மதலேன்


ரூவான்
25 ஜனவரி 1987

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

எண்பத்து நாலாம் ஆண்டு, ஓகஸ்ட். பதினோராம் வகுப்புக்கு ஆய்வுகூடப் பாடம். பதினெட்டுப் பிள்ளைகள். தெருவில் இராணுவ ஜீப் ஒன்று நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு வெடிச் சத்தம், நாலோ ஐந்தோ. "எல்லாரும் கீழை படுங்கோ!" என்று கத்தினேன். எல்லாரும் படுத்தார்கள். கோசலை என்ற பிள்ளை மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கலாம் என்று கையை நீட்டியிருந்தாள். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்: எது நடந்தாலும் முதலில் அடுப்பை அணைக்கவேண்டும் என்று. அவளுக்குப் பதினாறு வயது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவளுடைய மாமன் கந்தவனத்தின் தோட்டம். அவரிடம் கிளி விரட்டும் வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. அன்று காலையும் துவக்கால் ஒரு வெடி வைத்திருந்தார். ஜீப்பில் வந்தவர்கள், பிள்ளையைக் கொன்றது அவருடைய துவக்குச் சன்னம் என்று சொல்லிவிட்டார்கள். அவரைக் கொண்டுபோனார்கள். கோசலையின் தாய் கலாவதி, அந்த மனிதரின் கூடப்பிறந்த அக்கா, அதை நம்பினார். தம்பி இனித் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னார்.

மறுநாள் ஆய்வுகூடத்தைக் கழுவப் போனேன். அலுமாரிப் பலகையில் ஒரு துளை. ஆணி பிடுங்கியால் பலகையைப் பிளந்து எடுத்தேன். செப்புறை போட்ட நீண்ட ரவை. பக்கத்தில் சரிவாகத் தவாளிப்புக் கோடுகள். வேட்டைத் துவக்கின் குழாய் வழுவழுப்பு, அது கோடு போடாது. அதன் சன்னம் சின்ன ஈய உருண்டை, மூன்று நாலு கிராமுக்கு மேல் வராது. நான் கைக்குட்டையில் பிடித்து ஆய்வுகூடத் தராசில் மூன்று தரம் நிறுத்தேன். ஒன்பது தசம் நாலு இரண்டு கிராம். படம் கீறி, நிறையை எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். எங்கள் பள்ளிக்கூட அதிபர் அம்புறோஸ் சாட்சிக் கையெழுத்து வைத்தார். மரண விசாரணைக்கு ஒரு பிரதி கொடுத்தோம். கந்தவனத்தை விட்டார்கள். ஆனால் காரணம் எங்கும் சொல்லப்படவில்லை. இரண்டாம் நாள் என்னைத் தேடி ஜீப் வந்தது. நான் வீட்டில் இருக்கவில்லை. பிறகு வீட்டுக்குப் போகவே இல்லை. கலாவதி அக்காவிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கவில்லை.

இங்கே வந்தபோது, எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கும் ஒருவர் என் விண்ணப்பத்தையும் எழுதினார். வீடு எரிந்தது, ஓடி வந்தேன் என்று. எங்கள் வீடு எரியவில்லை, அக்கா. அந்த ஆள் எழுதிய நாற்பது பேருக்கும் ஒரே வீடுதான் எரிந்தது. ரவை, நிறை என்று எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். செப்டம்பருக்குப் பிறகு இன்னும் பயம்.

வாசித்துவிட்டு வைத்துக்கொள்ளவேண்டாம்.

தவரத்தினம்


பாரிஸ்
1 பிப்ரவரி 1987

தம்பி,

வைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

நிராகரித்ததற்கு மேல்முறையீடு உண்டு என்று எனக்குத் தெரியும். அதில் எரியாத வீட்டை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள். அப்படியே, எனக்கு எழுதிய மாதிரியே எழுதுங்கள். வேறு யாரும் எழுதித் தரவேண்டாம். பிரெஞ்சில் நான் மாற்றித் தருகிறேன். இருபத்தாறு வருஷம் அலுவலகத்தில் கடிதம் எழுதியே காலம் தள்ளினவள் நான். செப்டம்பர் விஷயத்துக்கு, அந்த இரண்டு குண்டும் என்னுடையவை, காகிதமும் என்னுடையது, புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

நீங்கள் அந்த அடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தேவாலயத்தில் கோசலைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

உங்கள் முதலாளியின் மனைவி லா சப்பேலுக்குச் சாமான் வாங்க வந்தபோது சக்கரப் பையில் வைத்துக் கூரை ஈயத்தைக் கொண்டுவந்து தந்தார். நாலு மாடியும் அவரே தூக்கி வந்தார், பாவம். நகம் போட்டேன், வெண்ணெயில் போட்ட மாதிரித் தடம் விழுந்தது. அடுத்த ஞாயிறு வார்க்கிறேன்.

மதலேன்


ரூவான்
10 பிப்ரவரி 1987

அன்புள்ள அக்கா,

எழுத மாட்டேன். என் பெயர் ஒன்றுதான் என்றால் எழுதுவேன். அந்தக் காகிதத்தில் அதிபர் அம்புறோஸின் கையெழுத்தும் உண்டு. அவர் அங்கேயே இருக்கிறார். நான் இங்கே சொல்லும் சொல் அங்கே அவரிடம் போய் முடிந்தால் என்ன செய்வது? இனிக் கேட்கவேண்டாம்.

ஈயத்தை உருக்கும்போது மெழுகுதிரித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறுங்கள், அழுக்கு மேலே வரும். கூரை ஈயத்தில் பழைய சுண்ணாம்பு இருக்கும். அச்சு நன்றாகச் சூடாகும்வரை முதல் பத்தை எண்ணவேண்டாம், சுருக்கம் விழும்.

தவரத்தினம்


பாரிஸ்
8 மார்ச் 1987

தம்பி,

நீங்கள் கேட்கவேண்டாம் என்றீர்கள். உங்களைக் கேட்கவில்லை. வரதராசாவைக் கேட்டேன். அவர் லண்டனில் தன் மச்சானைக் கேட்டார். மச்சான் வேறு யாரையோ கேட்டார். தொலைபேசியிலேயே சுற்றி நாலு நாளில் செய்தி வந்தது. உங்கள் அதிபர் அம்புறோஸ் போன வருஷமே ஊரை விட்டு வந்துவிட்டார். திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். விலாசம் கிடைத்ததும் எழுதினேன். நேற்று அவர் பதில் வந்தது. உங்களுக்கென்று ஒரு தாளும், விசாரணைக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடிதமும் வைத்திருக்கிறார். எனக்கு எழுதியதில் ஒரு வரி: "தவரத்தினம் மாஸ்டர் உயிரோடு இருக்கிறாரா? நாங்கள் அவரைத் தேடாத இடமில்லை." எல்லாம் இந்த உறையில் இருக்கிறது.

இனி உங்கள் இஷ்டம்.

ஐம்பது மீட்டரில் பத்துக் குண்டு. பத்தும் வட்டம். ஒரு காப்பித் தட்டால் பத்தையும் மூடிவிடலாம். தோளில் யாரோ தட்டிக் கூப்பிட்டது மாதிரிதான் இருந்தது, முட்டவில்லை. சிரித்த ஆட்கள் அச்சை இரவல் கேட்கிறார்கள்.

மதலேன்


ரூவான்
23 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

இதை உங்கள் மருத்துவமனை விலாசத்துக்கு எழுதுகிறேன். தோள் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வரதராசா அண்ணை தொலைபேசியில் சொன்னார். அதிபரின் கடிதம் வந்த பிறகு நான் எழுதிக் கொடுத்த மேல்முறையீட்டுக்கும் அதே நாளில் விசாரணை விழுந்தது. நீங்கள் பின்வரிசையில் இருப்பீர்கள் என்று எண்ணியிருந்தேன். எனவே நடந்ததைச் சொல்கிறேன்.

மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளை மீசை. முதலில் உங்கள் வாக்குமூலத்தை வாசித்தார். "இந்தப் பெண்மணி இன்னும் சுடுகிறாரா?" என்று கேட்டார். "ஓம், ஐம்பது மீற்றரில்" என்றேன். மொழிபெயர்ப்பாளருக்குக்கூடச் சிரிப்பு வந்தது.

பிறகு கோசலையின் கதை. அதில்தான் சிக்கல். சன்னம் என்று நான் சொன்னதையும் ரவை என்று சொன்னதையும் மொழிபெயர்ப்பாளர் ஒரே பிரெஞ்சுச் சொல்லால் மாற்றிக்கொண்டு போனார். தலைவர் பேனாவை வைத்துவிட்டார். "குண்டு பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். இல்லை, குண்டுதான் பட்டது என்று நீங்கள் நிரூபித்தீர்கள். இதில் என்ன வித்தியாசம்?" என்றார். காவல் நிலையத்தில் குண்டு என்ற சொல்லை நான் திருத்தாமல் விட்டது ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன். "மிஸ்யே, ஒரு பேப்பர் தாங்கோ" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

படம் கீறினேன். இடப்பக்கம் ஒரு சின்ன உருண்டை, கீழே நாலு கிராம். வலப்பக்கம் நீண்ட கூரான ரவை, செப்புறை, சரிவுக் கோடுகள், கீழே ஒன்பது தசம் நாலு இரண்டு. நடுவில் பலகை. மூன்று பேரும் மேசைமேல் குனிந்தார்கள். ஓரத்தில் இருந்த அம்மா, "கோடு ஏன் சரிவாக இருக்கிறது?" என்று கேட்டார். உங்களுக்கு எழுதியதையே சொன்னேன், குழாய், சுழற்சி எல்லாம். அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இடையில் நான் அழுதிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைத் தந்தபோதுதான் தெரிந்தது.

"மூன்று ஆண்டுக்குப் பிறகும் அந்த நிறை எப்படி ஞாபகம்?" என்று தலைவர் கேட்டார். "வேறெதையும் என்னால் அவளுக்குச் செய்ய முடியவில்லை" என்றேன். அவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். முடிவு தபாலில் வருமாம்.

தவரத்தினம்


பாரிஸ்
31 மே 1987

தம்பி,

இது இடது கை எழுத்து. கோழி கிளறிய மாதிரி இருக்கும். வலது கை இன்னும் கழுத்துத் துணியில் தொங்குகிறது. டாக்டரிடம் கணக்குச் சொன்னேன்: நாற்பத்தெட்டு இல்லை, முப்பத்திரண்டு என்று. திரும்பச் சுடுவதைச் செப்டம்பரில் யோசிக்கலாம் என்றார். அது போதும்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்குப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். தினமும் "முடிவு வந்ததா?" என்று கேட்டாள். அவள் வீட்டுக்குப் போன பிறகும் தொலைபேசியில் கேட்கிறாள். எனக்கே ஆவல் தாங்கவில்லை, அவளுக்கு என்ன சொல்ல?

வானொலியில் உங்கள் ஊர்ச் செய்தி நல்லதாக இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

மதலேன்


ரூவான்
18 ஜூலை 1987

அன்புள்ள அக்கா,

முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

பதிவுத் தபாலில் கையெழுத்து வைத்து வாங்கிப் பிரிக்காமல் ஒரு மணித்தியாலம் வைத்திருந்தேன். பிரித்தபோது பிரெஞ்சு விளங்கவில்லை. கூரை வேலைக்காரர் ஒருவர் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் தூக்கினார். நான் பாரமில்லாதவன்தான், ஆனாலும் தூக்குவார் என்று நினைக்கவில்லை.

அன்று வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்து கலாவதி அக்காவுக்கு எழுதினேன். மூன்று ஆண்டாக எழுதாத கடிதம். என் பெயர் போட்ட உறை அந்த வீட்டுக்குப் போனால் யாருக்கு என்ன வரும் என்ற பயம் ஒன்று. என் பெயரைப் பார்த்தால் அவருக்கு மகள் ஞாபகம் வரும் என்ற பயம் இன்னொன்று. ரவையின் படத்தையும் சன்னத்தின் படத்தையும் கீறினேன். "உங்கள் தம்பி சுடவில்லை. நான் நிறுத்துப் பார்த்தேன்" என்று எழுதினேன். அடுப்பைப் பற்றியும் எழுதினேன். அதை ஒளிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இந்த நாளில் தபால் போய்ச் சேருமோ தெரியாது. பதில் வருமோ அதைவிடத் தெரியாது. உறையின் பின்னால் உங்கள் விலாசத்தை எழுதிவிட்டேன். கேளாமல் எழுதியது பிழை. அக்டோபரில் பாரிசுக்குத் திரும்பலாம் என்று இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த அறையில் இப்போது யாராவது இருக்கிறார்களா?

தவரத்தினம்


பாரிஸ்
20 செப்டம்பர் 1987

தவரத்தினம் தம்பிக்கு,

அறை காலியாகத்தான் இருக்கிறது. அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை முதல் ரயிலில் வாருங்கள்.

நேற்று ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறை மூலையெல்லாம் கசங்கி, எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது. உங்கள் பெயருக்கு வந்ததை நான் பிரிக்க மாட்டேன். ஆனால் உறையின் பின்பக்கத்தைப் படிப்பது தப்பில்லை அல்லவா? அனுப்பியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. மேலே கலாவதி. கீழே வேறு கையெழுத்தில், வேறு மையில், கந்தவனம். விலாசம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மதலேன்